கற்றல் பாணிகளும் கற்கும் உத்திகளும்: எதை எதனோடு பொருத்துவது?

மாணவர்கள் எல்லோரும் ஒரே விதமாகக் கற்பதில்லை என்பது ஆசிரியர் ஒவ்வொருவரும் அன்றாடம் காணும் உண்மை. ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைக் கேட்கும் இருவரில் ஒருவர் அன்றைக்கே அதைப் பிறருக்கு விளக்கும் அளவுக்குத் தெளிவு பெறுவதும், மற்றவர் பாடநூலை மும்முறை புரட்டிய பிறகும் தடுமாறுவதும் எல்லாப் பள்ளிகளிலும் நிகழ்கின்றன. இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் தேடிய கல்வியாளர்கள் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் முன்வைத்த கருத்துகளுள் மிகப் பரவலாக ஏற்கப்பட்டது 'கற்றல் பாணி' என்னும் கருத்தாகும். ஒவ்வொருவருக்கும் செய்தியை உள்வாங்குவதில் தமக்கே உரிய வழி ஒன்று உண்டு, சிலர் பார்த்தும் சிலர் கேட்டும் சிலர் செய்தும் கற்பவர்கள், அந்த வழியைக் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பித்தால் கற்றல் சிறக்கும் என்பதே அதன் சாரம். ஆசிரியர் பயிற்சிப் பாடநூல்கள் முதல் பெற்றோருக்கான கையேடுகள் வரை இக்கருத்து ஐயத்துக்கு இடமற்ற உண்மையாகவே சொல்லப்பட்டு வருகிறது.

ஆயினும், இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் வேறு திசையில் செல்கின்றன. மாணவர்களிடையே விருப்ப வேறுபாடுகள் இருப்பது உண்மை. அந்த விருப்பத்தோடு கற்பித்தலைப் பொருத்துவதால் கற்றல் மேம்படுகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. படிக்கும் உத்தியைப் பொருத்த வேண்டியது மாணவருக்கு ஒட்டப்படும் வகைப்பெயரோடு அன்று; கற்கப்படும் பொருளின் இயல்போடும், அப்பொருளில் மாணவர் ஏற்கெனவே பெற்றுள்ள அறிவோடும்தான். இம்முடிவுக்கு இட்டுச்செல்லும் சான்றுகளையும், அதிலிருந்து மாணவரும் ஆசிரியரும் பெறக்கூடிய நடைமுறைப் பயனையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வகைப்பாடுகள் தோன்றிய வரலாறு

கற்போரை வகைப்படுத்தும் முயற்சிகள் 1970களில் அமெரிக்காவில் வேகம் பெற்றன. ரீட்டா டன், கென்னத் டன் ஆகிய இருவரும் உருவாக்கிய மாதிரி, ஒலி, ஒளி, வெப்பநிலை, இருக்கை, நாளின் நேரம் முதலிய சூழல் கூறுகளையும் மாணவரின் உளவியல் கூறுகளையும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனி விருப்பப் பட்டியல் தயாரித்தது. டேவிட் கோல்ப் தமது அனுபவவழிக் கற்றல் கோட்பாட்டை 1984இல் நூலாக விரித்து எழுதினார். நேரடி அனுபவம், அதைப் பற்றிய சிந்தனை, கருத்தாக்கம், செயல்வழிச் சோதனை என்ற நான்கு கட்டங்களும் ஒரு சுழற்சியாக அமைவதே கற்றல் என்று கூறிய அவர், ஒருவர் எந்தக் கட்டங்களில் கூடுதலாக நிலைகொள்கிறார் என்பதைக் கொண்டு நான்கு பாணிகளை வகுத்தார். இங்கிலாந்தில் பீட்டர் ஹனியும் ஆலன் மம்ஃபோர்டும் இதே வழியைப் பின்பற்றி, நிறுவன மேலாளர்களுக்கான வகைப்பாடு ஒன்றை 1980களில் உருவாக்கினர்.

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இன்று மிகுதியாக அறியப்படும் வகைப்பாடு, நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங் 1987இல் உருவாக்கிய 'வார்க்' வினாநிரல் ஆகும். பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றிய காலத்தில் எண்ணற்ற வகுப்புகளைப் பார்வையிட்ட ஃபிளெமிங், திறமை மிக்க ஆசிரியர்களின் வகுப்பிலும் சிலர் கற்காமல் போவது ஏன் என்ற கேள்வியிலிருந்து இம்முயற்சியைத் தொடங்கினார். காட்சிவழி, செவிவழி, படித்தும் எழுதியும் கற்கும் வழி, செயல்வழி என்னும் நான்கே அவ்வினாநிரலின் பிரிவுகள். வழி தெரியாத ஒருவருக்கு இடத்தைச் சொல்ல வேண்டுமானால் படம் வரைந்து காட்டுவீர்களா, வாயால் சொல்வீர்களா, எழுதித் தருவீர்களா, கூடவே அழைத்துச் செல்வீர்களா என்பது போன்ற கேள்விகளுக்குத் தரப்படும் விடைகளின் அடிப்படையில் ஒருவரது விருப்பம் கணிக்கப்படுகிறது. இவ்வினாநிரல் அளப்பது ஒருவர் தம்மைப் பற்றிக் கூறும் விருப்பத்தை மட்டுமே என்பதும், எந்த வழியில் அவர் உண்மையில் நன்கு கற்கிறார் என்பதை அது நேரடியாக அளப்பதில்லை என்பதும் இங்கே கருதத்தக்கன.

ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் வெளியிட்ட பன்முக நுண்ணறிவுக் கோட்பாடும் இவ்வரிசையில் அடிக்கடி சேர்த்துப் பேசப்படுகிறது. ஆனால் மொழி, இசை, கணக்கு, இடவுணர்வு முதலிய துறைகளில் மனிதருக்குள்ள ஆற்றல்களைப் பற்றியதே தமது கோட்பாடு என்றும், கற்றல் பாணியோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றும் கார்ட்னரே பின்னாளில் தெளிவுபடுத்தினார். ஆற்றல் வேறு, விருப்பம் வேறு என்ற இந்த வேறுபாடு, தொடர்ந்து வரும் விவாதம் முழுவதற்கும் அடிப்படையானது.

வகைப்பாடுகள் பெருகப் பெருக அவற்றை மதிப்பிட வேண்டிய தேவையும் எழுந்தது. ஃபிராங்க் காஃபீல்ட் தலைமையிலான பிரிட்டன் ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட அறிக்கை 71 மாதிரிகளை இனங்கண்டு, அவற்றுள் செல்வாக்கு மிக்க 13ஐ விரிவாகப் பரிசீலித்தது. ஒரே நபருக்கு மீண்டும் சோதனை வைத்தால் அதே விடை கிடைக்கிறதா, அளப்பதாகச் சொல்வதைத்தான் அச்சோதனை அளக்கிறதா என்பன போன்ற அடிப்படைத் தகுதிகளில் அவற்றுள் பெரும்பாலானவை குறைபாடுடையனவாகவே காணப்பட்டன. ஒரு மாணவர் எந்த மாதிரியால் அளக்கப்படுகிறார் என்பதைப் பொறுத்து அவருக்குக் கிடைக்கும் பெயரும் மாறும் என்னும்போது, அப்பெயரை அவரது நிலையான இயல்பாகக் கொள்வதற்கு அடிப்படை இல்லாமல் போகிறது.

பொருத்தக் கருதுகோளைச் சோதிக்கும் முறை

கற்றல் பாணிக் கருத்தில் இரண்டு கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. மாணவர்களுக்கு வெவ்வேறு விருப்பங்கள் உண்டு என்பது முதலாவது. இதை எவரும் மறுப்பதில்லை. கற்பிக்கும் முறை அவ்விருப்பத்தோடு பொருந்தினால் கற்றல் மேம்படும் என்பது இரண்டாவது. ஆய்வாளர்கள் இதையே 'பொருத்தக் கருதுகோள்' என்று குறிப்பிடுகின்றனர். முதற்கூற்று உண்மை என்பதாலேயே இரண்டாவதும் உண்மையாகிவிடாது; அதைத் தனியே சோதிக்க வேண்டும்.

அச்சோதனை எவ்வாறு அமைய வேண்டும் என்பதை ஹரால்ட் பாஷ்லர், மார்க் மெக்டேனியல், டக் ரோரர், ராபர்ட் பியார்க் ஆகிய நால்வரும் 2008இல் தெளிவாக வரையறுத்தனர். முதலில் மாணவர்களை அவர்களது பாணியின்படி பிரிக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு பிரிவிலும் பாதிப்பேருக்கு ஒரு முறையிலும் மீதிப்பேருக்கு மற்றொரு முறையிலும் கற்பிக்க வேண்டும். யாருக்கு எந்த முறை என்பது குலுக்கல் போலத் தற்செயலாக முடிவாக வேண்டும். இறுதியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். காட்சிவழியினர் படங்களால் கற்றபோது கூடுதலாகவும் செவிவழியினர் பேச்சால் கற்றபோது கூடுதலாகவும் மதிப்பெண் பெற்றால்தான் கருதுகோள் மெய்ப்படும். படங்களால் கற்ற இரு பிரிவினருமே சிறந்து விளங்கினால், அது படங்கள் நல்ல கற்பித்தல் கருவி என்பதைக் காட்டுமேயன்றிப் பாணிப் பொருத்தத்தின் பயனைக் காட்டாது. இந்த அளவுகோலை வைத்து அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளை ஆராய்ந்தபோது, உரிய முறையில் நடத்தப்பட்டவை மிகச் சிலவே என்பதும், அவற்றுள்ளும் பல கருதுகோளுக்கு எதிரான முடிவையே தந்தன என்பதும் தெரியவந்தன.

சோதனைகள் காட்டியவை

பின்னர் இதே வரையறையைப் பின்பற்றிப் புதிய ஆய்வுகள் மேற்கொள்ளப்பட்டன. பெத் ரோகவ்ஸ்கியும் அவரது குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், கேட்டுக் கற்க விரும்பும் பெரியவர்களும் படித்துக் கற்க விரும்பும் பெரியவர்களும் பங்கேற்றனர். ஒரே நூற்பகுதியைச் சிலர் ஒலிநூலாகக் கேட்டனர், சிலர் மின்னூலாகப் படித்தனர். பின்னர் இருசாராரின் புரிதலும் அளக்கப்பட்டது. விருப்பத்தோடு முறை பொருந்தியவர்களுக்கு எந்தக் கூடுதல் பயனும் காணப்படவில்லை. ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் இதே குழுவினர் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், காட்சிவழி விருப்பம் தெரிவித்த மாணவர்கள் படித்துப் புரிந்துகொள்வதில் மட்டுமன்றிக் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் செவிவழி விருப்பமுடையோரைவிட உயர்ந்த மதிப்பெண் பெற்றனர். கேட்டுக் கற்கும் இயல்புடையவர் என்று ஒரு சிறுவரை முத்திரையிட்டு, வாசிப்பிலிருந்து அவரை விலக்கிவைப்பது அவருக்கு எவ்வளவு பெரிய இழப்பாக முடியும் என்பதை இம்முடிவு உணர்த்துகிறது.

மருத்துவக் கல்வியின் அடிப்படையான உடற்கூறியலைக் கற்ற இந்தியானா பல்கலைக்கழக மாணவர்களை பாலி ஹஸ்மனும் வலேரி ஓ'லாஃப்லினும் ஆராய்ந்தனர். வார்க் வினாநிரலின் முடிவைத் தெரிந்துகொண்ட பிறகும் பெரும்பாலான மாணவர்கள் அதன்படி படிக்கவில்லை. அதன்படி படித்தவர்களும் மற்றவர்களைவிடச் சிறந்த மதிப்பெண் பெறவில்லை. அதேவேளையில், வகுப்புக் குறிப்புகளை முறையாகப் பயன்படுத்துவது போன்ற சில குறிப்பிட்ட உத்திகள், மாணவரின் பாணி எதுவாயினும் உயர்ந்த மதிப்பெண்ணோடு தொடர்புற்றிருந்தன.

மாறுபட்ட முடிவுகளும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2024இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளைப் புள்ளியியல் முறையில் ஒன்றுதிரட்டும் ஆய்வு, பொருத்திக் கற்பிப்பதற்குச் சிறியதொரு சராசரிப் பயன் இருப்பதாகக் கணித்தது. ஆனால் அங்கு அளக்கப்பட்ட கற்றல் விளைவுகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில் மட்டுமே பாஷ்லர் குழுவினர் கேட்ட வகையிலான பொருத்தம் காணப்பட்டது என்பதாலும், ஆய்வுகளின் தரம் சீராக இல்லை என்பதாலும், பள்ளிகள் இதற்காக நேரமும் பொருளும் செலவிடுவதற்கு இப்பயன் போதுமானதன்று என்றே அந்த ஆய்வாளர்களும் முடிவு கூறினர்.

நம்பிக்கை நிலைத்திருப்பதன் காரணங்கள்

சான்றுகள் இவ்வாறிருந்தும் நம்பிக்கை குறையவில்லை. விரும்பிய பாணியில் கற்பித்தால் மாணவர் நன்கு கற்பர் என்ற கூற்றைப் பிரிட்டன் ஆசிரியர்களுள் 93 விழுக்காட்டினரும் நெதர்லாந்து ஆசிரியர்களுள் 96 விழுக்காட்டினரும் ஏற்றுக்கொண்டதை 2012இல் வெளியான ஓர் ஆய்வு பதிவுசெய்தது. 18 நாடுகளைச் சேர்ந்த 15,000க்கும் மேற்பட்ட கல்வியாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த கட்டுரையும் 89 விழுக்காட்டினர் இதை நம்புவதாகக் காட்டியது.

இந்நம்பிக்கைக்கு முதற்காரணம் அதன் பின்னுள்ள நல்லெண்ணம். கற்காத குழந்தை என்று எவரும் இல்லை, அக்குழந்தைக்கு உரிய வழி இன்னும் கண்டறியப்படவில்லை என்று நினைக்கும் ஆசிரியரின் மனம் போற்றத்தக்கது. இரண்டாவது காரணம், விரும்பிய வழியில் படிக்கும்போது ஏற்படும் எளிமையுணர்வு. அப்பி நோலும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், காட்சிவழி விருப்பமுடையோர் படங்கள் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்றும், சொல்வழி விருப்பமுடையோர் சொற்கள் நன்றாக நினைவிருக்கும் என்றும் முன்கூட்டியே கணித்தனர். பின்னர் நடந்த சோதனையிலோ, அவர்கள் உண்மையில் நினைவுகூர்ந்தவற்றுக்கும் பாணிக்கும் தொடர்பில்லை. பாணி என்பது கற்றலைப் பற்றிய தன்மதிப்பீட்டை மாற்றுகிறதேயொழியக் கற்றலை மாற்றுவதில்லை என்பதே இதன் பொருள்.

மூன்றாவதாக, மாணவர்களிடையே உண்மையாகவே உள்ள வேறு வேறுபாடுகள் பாணியின் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. பார்வையற்ற மாணவருக்குப் பிரெயிலும், செவித்திறன் குறைந்தவருக்குச் சைகைமொழியும், வாசிப்புக் குறைபாடு உள்ளவருக்கு அதற்கேற்ற தனிப்பயிற்சியும் இன்றியமையாதவை. அவை உரிமையோடு பெற வேண்டிய வசதிகள். விருப்பப் பட்டியலில் தேர்ந்தெடுக்கும் பாணிகள் அல்ல. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதினால் உண்மையான தேவையுடைய குழந்தைக்கே கேடு விளையும்.

முத்திரையால் விளையும் இழப்பு

பாணியை நம்புவதால் பயன் இல்லாவிட்டாலும் தீங்கும் இல்லையே என்று கருதுவோர் உண்டு. இக்கருத்தை ஏற்பதற்கில்லை. பெற்றோர், ஆசிரியர், குழந்தைகள் ஆகியோரிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், செயல்வழிக் கற்பவர் என்று அறிமுகப்படுத்தப்பட்ட மாணவரைவிடக் காட்சிவழிக் கற்பவர் என்று அறிமுகப்படுத்தப்பட்ட மாணவரை அறிவாளி என மதிப்பிடும் போக்கு காணப்பட்டது. வேறுபாட்டை மதிப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட பெயர்கள் இவ்வாறு தரவரிசையாக மாறிவிடுகின்றன. தான் படித்துக் கற்கும் வகையைச் சேர்ந்தவன் அல்லன் என்று பன்னிரண்டு வயதில் நம்பத் தொடங்கும் மாணவன், நீண்ட உரைநடையைக் கண்டதும் பின்வாங்குவதற்கு ஒரு நியாயத்தைப் பெற்றுவிடுகிறான். உயர்கல்வியின் வாயிலாக அமைவதோ அதே உரைநடைதான். முயன்றால் வளரக்கூடிய திறனை மாறாத இயல்பு என்று சொல்லிக் கொடுப்பது குழந்தைக்கு இழைக்கும் அநீதி.

பொருளோடு உத்தியைப் பொருத்துதல்

உத்தியைப் பொருத்துவது வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. பொருத்தத்தின் முதல் அளவுகோல் பாடப்பொருளே. லகர, ளகர, ழகரங்களின் ஒலிப்பு வேறுபாட்டைக் காதால் கேட்டும் நாவால் ஒலித்தும்தான் எவரும் கற்க முடியும். நாக்கின் நிலையைக் காட்டும் படம் துணைசெய்யுமேயன்றி அந்தப் பயிற்சிக்கு ஈடாகாது. காவிரி எந்தெந்த மாவட்டங்கள் வழியே ஓடுகிறது என்பதை வரைபடமின்றிச் சொற்களால் மட்டும் மனத்தில் பதிப்பது, செவிவழிக் கற்பவர் எனப்படுவோருக்கும் வீண் சுமையே.

மேனிலை வகுப்பு வேதியியல் ஆய்வகத்தில் நிகழும் தரம்பார்த்தல் இதை இன்னும் நெருக்கமாகக் காட்டும். அமிலத்தையும் ஃபினால்ஃப்தலீன் நிறங்காட்டியையும் கூம்புக் குடுவையில் எடுத்துக்கொண்டு, பியூரெட்டிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, நிலையான இளஞ்சிவப்பு தோன்றும் கணத்தில் குழாயடைப்பை மூட வேண்டும். அந்த நிறத்தை இனங்காண்பது கண்ணின் வேலை. ஒரு சொட்டு கூடாமல் நிறுத்துவது கையின் வேலை. அந்த அளவிலிருந்து செறிவைக் கணக்கிடுவது தாளில் எழுதிச் செய்ய வேண்டிய வேலை. ஏன் அந்நிறம் தோன்றியது என்பதை விளக்குவது சொற்களின் வேலை. இந்நான்கில் எந்த ஒன்றையும் தமது பாணிக்கு ஒவ்வாதது என்று தள்ளிவிட்டு ஒரு மாணவர் தரம்பார்த்தலைக் கற்றவராக முடியாது.

படமும் சொல்லும் இணைவது எல்லோருக்கும் பயன்தருவது என்பதற்கும் ஆய்வு அடிப்படை உண்டு. சொல்லாகவும் காட்சியாகவும் இருவழிகளில் பதிவாகும் செய்தியை மீட்பது எளிது என்று ஆலன் பைவியோ 1971இல் முன்வைத்த கோட்பாட்டைத் தொடர்ந்து, ரிச்சர்ட் மேயர் நடத்திய பல சோதனைகள் விளக்கமும் பொருத்தமான படமும் அருகருகே அமைந்த பாடம் வெறும் சொற்களாலான பாடத்தைவிட நன்கு புரிவதைக் காட்டின.

முன்னறிவோடு உத்தியைப் பொருத்துதல்

இரண்டாவது அளவுகோல் மாணவரின் முன்னறிவு. மாணவர்களிடையே உள்ள வேறுபாடுகளுள் கற்பித்தல் முறையை உண்மையிலேயே மாற்றக் கோருவது இதுவே. ஒரு துறையில் புதிதாக நுழைபவருக்குப் படிப்படியாகத் தீர்த்துக் காட்டிய கணக்குகள் பெரிதும் உதவுகின்றன. ஏனெனில் ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தக்கூடிய செய்திகளின் அளவு மிகக் குறைவு, புதியவர் அந்த இடம் முழுவதையும் அடுத்து என்ன செய்வது என்று தேடுவதிலேயே செலவழித்துவிடுகிறார். ஆனால் அதே துறையில் தேர்ச்சி பெற்றவருக்குத் தீர்த்துக் காட்டிய கணக்கு வேண்டாத சுமையாகிறது. அவருக்குத் தாமே தீர்க்கும் கணக்குதான் பயன்தரும். ஸ்லாவா கல்யுகா, ஜான் ஸ்வெல்லர் முதலியோர் 2003இல் விரிவாக எடுத்துரைத்த இந்தத் தலைகீழ் விளைவு, தொடக்கநிலையில் உதவியவையே தேர்ச்சி நிலையில் தடையாகலாம் என்பதைப் புலப்படுத்துகிறது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், ஒரே வகுப்பிலுள்ள குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் எட்டியுள்ள கற்றல் நிலையின்படி பிரித்துப் பயிற்சி அளிப்பது இந்தக் கொள்கையோடு ஒத்திசைகிறது. இந்நிலைகள் குழந்தையின் மாறாத இயல்பைக் குறிப்பவை அல்ல. அரும்பிலிருக்கும் குழந்தை மொட்டுக்கும் மலருக்கும் செல்ல வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். ஒரு குழந்தை எங்கே நிற்கிறது என்று சொல்லும் பெயருக்கும், அது எத்தகைய குழந்தை என்று சொல்லும் பெயருக்கும் இடையிலுள்ள தொலைவு மிகப் பெரியது.

அனைவருக்கும் உதவும் உத்திகள்

பொருளும் முன்னறிவும் மாறும்போது உத்தி மாறினாலும், ஏறத்தாழ எல்லோருக்கும் எல்லாப் பாடங்களிலும் பயன்தரும் சில அடிப்படை உத்திகள் உள்ளன. ஜான் டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் பத்து உத்திகளை மதிப்பிட்டபோது, தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் படிப்பை நாட்களில் பரப்பிக்கொள்வதும் உயர்ந்த பயனுடையனவாகவும், காரணம் கேட்டு விளக்குவதும் தனக்குத்தானே விளக்கிக்கொள்வதும் பலவகைக் கணக்குகளைக் கலந்து பயில்வதும் நடுத்தரப் பயனுடையனவாகவும் அமைந்தன. மாணவர்கள் மிகுதியும் நம்பியிருக்கும் மறுவாசிப்பும் அடிக்கோடிடுதலும் குறைந்த பயனுடையவற்றின் வரிசையிலேயே இடம்பெற்றன.

தன்னைச் சோதித்துக்கொள்வது என்பது புத்தகத்தை மூடிவிட்டுப் படித்ததை நினைவிலிருந்து எழுதுவதும் சொல்வதுமாகும். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஓர் உரைநடைப் பகுதியை இருமுறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர்; ஒருமுறை படித்துவிட்டு ஒருமுறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்து நிலைமை மாறியது: மறுபடி படித்தவர்கள் 42 விழுக்காட்டையும் எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டையும் நினைவில் வைத்திருந்தனர். தேர்வுக்கு முந்தைய இரவில் திரும்பத் திரும்பப் படிப்பது பலன் தருவதாகத் தோன்றுவதன் காரணமும், அடுத்த மாதமே அது மறந்துபோவதன் காரணமும் இந்த எண்களில் அடங்கியுள்ளன.

இடைவெளிவிட்டுப் படிப்பதன் பயனை ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885லேயே சுட்டிக்காட்டினார். எவ்வளவு இடைவெளி என்பது எவ்வளவு காலம் நினைவிருக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. நிக்கோலஸ் செபிடா குழுவினரின் 2008ஆம் ஆண்டு ஆய்வின்படி, ஒரு வாரத்தில் வரும் தேர்வுக்கு ஏறத்தாழ ஒரு நாளும், ஓராண்டு நினைவிருக்க வேண்டிய பொருளுக்கு ஏறத்தாழ மூன்று வாரமும் இரு படிப்புகளுக்கு இடையே விடுவது பயனளித்தது.

கலந்து பயில்வதன் விளைவு இன்னும் வியப்புக்குரியது. டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் வெளியிட்ட சோதனையில், கல்லூரி மாணவர்கள் நான்கு வகைத் திண்மங்களின் கனஅளவைக் கணக்கிடக் கற்றனர். ஒரு குழுவினர் ஒரு வகைக் கணக்குகளை முடித்த பின்னரே அடுத்த வகைக்குச் சென்றனர். மற்றக் குழுவினர்க்கு நான்கு வகைகளும் கலந்து தரப்பட்டன. பயிற்சியின்போது முதற்குழு 89 விழுக்காடும் இரண்டாம் குழு 60 விழுக்காடும் சரியாகச் செய்தன. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ முதற்குழு 20 விழுக்காட்டுக்கு வீழ்ந்தது. கலந்து பயின்ற குழு 63 விழுக்காட்டில் நிலைத்து நின்றது. ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து செய்யும்போது எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துவது என்ற முடிவை மாணவர் எடுக்க வேண்டியதே இல்லை. தேர்வறையிலோ அந்த முடிவுதான் முதற்படி. பயிற்சியைக் கடினமாக்கி நிலைத்த கற்றலைத் தரும் இத்தகைய தடைகளை ராபர்ட் பியார்க் 'விரும்பத்தக்க இடர்கள்' என்று குறிப்பிட்டார். எளிதாகத் தோன்றும் வழியே தமக்குரிய வழி என்று மாணவரை நம்பவைக்கும் பாணிக் கோட்பாடு, இவ்விடர்களிலிருந்து அவரை விலக்கிவிடுவதே அதன் பெரிய குறை.

இவ்வுத்திகள் எவ்வாறு ஒன்றுசேரும் என்பதற்கு இதயத்தின் வழியே நிகழும் இரத்த ஓட்டப் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். மாணவர் முதல்நாள் விளக்கத்தையும் படத்தையும் சேர்த்துப் படிக்கிறார். மறுநாள் புத்தகத்தைத் திறக்காமல் நான்கு அறைகளையும் வால்வுகளையும் வரைந்து, வலது ஆரிக்கிளில் தொடங்கி நுரையீரல் சென்று திரும்பி மகாதமனி வரை இரத்தம் செல்லும் வழியை வாய்விட்டுச் சொல்கிறார். தவறிய இடத்தை மட்டும் புத்தகத்தில் சரிபார்த்துக்கொண்டு, இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடிமனாக இருக்க வேண்டும் என்று தம்மையே கேட்டு விடை எழுதுகிறார். ஒரு வாரம் கழித்துச் சுவாசம், கழிவுநீக்கம் ஆகிய பாடங்களின் வினாக்களோடு இதையும் கலந்து எழுதிப் பார்க்கிறார். கண், செவி, நா, கை ஆகிய அனைத்தும் இதில் பங்குபெறுகின்றன. எது எப்போது என்பதைப் பாடமே முடிவுசெய்கிறது.

நன்னூல் காட்டும் மாணவரும் பயிற்சியும்

கற்போரை வகைப்படுத்துவது தமிழுக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை முதல், இடை, கடை என்று மூவகையாக்கி, அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றை அவர்களுக்கு உவமையாக்குகிறது. குழந்தைகளை உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்று தரம் பிரிக்கும் அப்போக்கு இன்றைய பொதுக்கல்விக்கு ஏற்றதன்று. ஆயினும் அவ்வுவமைகள் புலன்களை அடிப்படையாகக் கொள்ளவில்லை என்பது கருதத்தக்கது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் தேர்ந்தெடுப்பதையும், மேய்ந்ததை ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசு மீண்டும் சிந்திப்பதையும், சொன்னதையே சொல்லும் கிளி வெறும் ஒப்பித்தலையும் குறிக்கின்றன. அதாவது, மாணவர் எந்தப் புலனால் பெற்றார் என்பதைவிடப் பெற்றதை என்ன செய்தார் என்பதே அங்கு அளவுகோலாகிறது.

அதே பகுதி பயிலும் முறையையும் வகுத்துரைக்கிறது. பாடத்தைப் போற்றுதல், கேட்டவற்றை மீண்டும் நினைத்தல், ஆசிரியரை அடுத்து ஐயம் நீங்கக் கேட்டல், உடன்பயில்வோரோடு பழகுதல், வினவுதல், வினவியவற்றுக்கு விடையளித்தல் ஆகியன எல்லா மாணவருக்கும் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. ஆசிரியர் சொல்வதை நன்கு கேட்டாலும் கால்பங்குப் புலமையே வாய்க்கும், உடன்கற்போரோடு பழகுவதால் இன்னொரு கால்பங்கும் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் கிட்டும் என்னும் அதன் கணக்கைப் புள்ளிவிவரமாகக் கொள்ள வேண்டியதில்லை. நினைவிலிருந்து மீட்பதும் தானே விளக்குவதும் கேட்பதைவிட வலிமை மிக்கவை என்று இன்றைய ஆய்வகங்கள் காட்டும் உண்மையை, கற்பித்தல் மரபு தன் பட்டறிவால் உணர்ந்திருந்தது என்பதற்கு அது சான்று.

முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து மாணவருக்கும் ஆசிரியருக்கும் சில தெளிவான வழிகாட்டுதல்கள் கிடைக்கின்றன. தாம் எவ்வகைக் கற்பவர் என்று வினாநிரலில் தேடும் மாணவர், அதற்குப் பதிலாக மூன்று வினாக்களைத் தம்மிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தப் பாடம் எத்தகைய வேலையைக் கோருகிறது: வரைவதா, ஒலிப்பதா, கணக்கிடுவதா, வாதிடுவதா? இதில் தமக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எங்கிருந்து உதவி வேண்டும்? புத்தகத்தை மூடிவிட்டால் எவ்வளவு சொல்ல முடியும்? மூன்றாவது வினாவுக்குக் கிடைக்கும் விடை, படித்த உணர்வுக்கும் கற்ற உண்மைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அவருக்கு உடனே காட்டிவிடும்.

ஆசிரியரைப் பொறுத்தவரை, நாற்பது மாணவர்களுக்கு நான்கு பாணிகளில் பாடம் தயாரிக்கும் இயலாத சுமையிலிருந்து இவ்வாய்வுகள் அவரை விடுவிக்கின்றன. அந்த நேரத்தைப் பாடத்தொடக்கத்தில் மாணவரின் முன்னறிவை அறியும் சிறு வினாக்களுக்கும், மதிப்பெண் அச்சமில்லாத அடிக்கடிச் சோதனைகளுக்கும், பழைய பாடங்களைப் புதியவற்றோடு கலந்து தரும் பயிற்சிகளுக்கும் அவர் செலவிட முடியும். படம், பேச்சு, எழுத்து, செயல் ஆகிய எல்லாவற்றையும் அவர் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு குழந்தைக்கு எனப் பங்கிட்டுக் கொடுக்காமல், பொருள் கேட்கும் இடத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் எல்லாவற்றையும் தர வேண்டும். பின்தங்கிய குழந்தைக்கு வேறொரு வகைப்பெயரால் எந்தப் பயனும் இல்லை. அக்குழந்தை நிற்கும் படியிலிருந்து தொடங்கும் பாடமும், மறந்ததை மீண்டும் நினைக்கத் தரப்படும் வாய்ப்பும், அதற்குரிய பொறுமையும்தான் அதற்கு வேண்டும். அவற்றைத் தருவது எல்லாப் பள்ளிகளாலும் இயலக்கூடியது. அவற்றைப் பெறுவது எல்லாக் குழந்தைகளின் உரிமை.